செப்புத் தகடு

செவ்வந்திக்கு வலி வலது விலாவுக்கு அடியில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும். வந்தால் அரிவாளைப் போட்டுவிட்டுச் சாமைக் கொல்லையிலேயே சுருண்டுவிடுவாள். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், அது வழியை அடைத்திருந்தால் சிறுநீரகமே வீணாகிவிடும், சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்று ஜமுனாமரத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்துகொள்ளாமல் மலைமேல் இருக்கும் தங்கள் ஊருக்குத் திரும்புவதில்லை என்று கணவன் ரங்கனை இழுத்துக்கொண்டு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

நகை, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். இடுப்பில் பூசாரி மந்திரித்துக் கட்டிய செப்புத் தகட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வலி போகும்வரை வெளியாள் கண்ணில் அது படக்கூடாது. அவிழ்ப்பதும் பூசாரி கையால்தான். அவர்கள் ஊர் வழக்கம் அது.

மெஷினுக்குள் போன வேகத்தில் வெளியே இழுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் கல்பனா கோபித்துக்கொள்ளவில்லை. கல் தெரியவேண்டிய இடத்தை ஏதோ உலோகம் மறைக்கிறது, அதைக் கழற்றாமல் எடுத்தால் படம் உதவாது என்று மட்டும் சொன்னாள்.

வெளியே நின்ற ரங்கனிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். ஊருக்குப் போய்ப் பூசாரியை அவிழ்க்கச் சொல்லி, அடுத்த வாரம் வரலாம் என்றான்.

“அதுவரைக்கும் உள்ள இருக்கறது சும்மா இருக்குமா?” என்றாள் செவ்வந்தி.

“சாமி குத்தம் ஆயிடும்மே.”

“வலிக்கறது எனக்கு. சாமி கேட்டா என்னக் கேக்கட்டும். நீ அந்தாண்ட போய் நின்னுக்க.”

முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் நோக நோண்டி அவிழ்த்தாள். தகட்டைக் கண்ணில் ஒற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள். பையில் தேளை விட்டதுபோல் அவன் விறைத்து நின்றான்.

இந்த முறை படம் தெளிவாக விழுந்தது. அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா திரையில் காட்டினார். சிறுநீர் இறங்கும் குழாயில் வெள்ளையாக ஒரு கல். அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. சின்னக் கல் என்றால் மாத்திரையும் தண்ணீருமாகப் பார்க்கலாம், இது தானாக வராது, உள்ளே கருவி விட்டு உடைத்து எடுக்கவேண்டும் என்றார். சிறுநீரகம் இன்னும் கெடவில்லை, தள்ளிப்போட்டால் கெட்டுவிடும்.

சாமை அறுப்பு முடியட்டுமே என்று ரங்கன் ஆரம்பித்தான்.

“அறுப்புக்கு உன் தங்கச்சியக் கூப்ட்டுக்க” என்றவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “இன்னிக்கே சேந்துக்கறேங்க. படுக்க எடம் இருக்குதுங்களா?”

இருக்கிறது என்றார். மாற்றுப்புடவை எடுத்துவர ரங்கனை வீட்டுக்கு விரட்டிவிட்டு, வார்டுக்கு வழி கேட்டுக்கொண்டே அவள் நடந்தாள்.