ஆறிய புண்

டைல்ஸ் அறுக்கும் பட்டறையில் தெறித்த சில்லு அண்ணியின் வலது கண்ணில் பட்டது. கழுவினாள், கசக்கினாள், வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. நாத்தனார் அலமாரியைத் துழாவி, எப்போதோ தன் கண் அரிப்புக்கு வாங்கிய சொட்டு மருந்தை நீட்டினாள்.

"எனக்கு உடனே கேட்டுச்சு அண்ணி. போட்டுப் பாருங்க."

அண்ணிக்கும் கேட்டது போலத்தான் இருந்தது. சிவப்பு இறங்கியது, பட்டறைக்குப் போனாள். வாரக் கடைசியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கருவிழி மேல் அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளை.

கண் டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கும், கிருமியக் கொல்லாது. மேல அடங்கின மாதிரி இருக்கும், உள்ள அரிச்சுக்கிட்டே போகும்."

புண்ணைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். "கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது. மாத்திரை அங்க சரியாப் போய்ச் சேராது. இந்த ஆன்டிபயாடிக் சொட்டுதான் கதி. மணிக்கொரு தரம் விடணும், ராத்திரியும்தான். கொஞ்சம் அசந்தாலும் கிருமிக்குக் கொண்டாட்டம்."

அண்ணன் லாரியோடு வெளியூரில் இருந்தான். நாத்தனார் லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். சொட்டு விழும்போதெல்லாம் அண்ணி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரியுதுடி. என் மேல இருந்த கோபத்தையெல்லாம் சொட்டுச் சொட்டாத் தீத்துக்கறியா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"நான்தானே அண்ணி அந்தப் பாட்டிலைக் குடுத்தேன்."

"நீ நல்லதுக்குத்தான் குடுத்தே. வாங்கிப் போட்டுக்கிட்டது நான். பேசாம அடுத்ததை விடு."

புண் ஆறியது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"கிருமி போயிடுச்சு. கண்ணை எடுக்கற நிலைமைக்குப் போகாம மருந்து காப்பாத்திடுச்சு. ஆனா தழும்பு சரியா நடுவுல விழுந்திருக்கு." அண்ணியின் இடது கண்ணை மூடினார். "என்ன தெரியுது?"

"வெளிச்சம்."

"எதிர்ல நிக்கறது யாரு?"

அண்ணி வெகுநேரம் பார்த்தாள். "யாரோ."

எதிரில் நின்ற நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கருவிழி மாற்று அறுவை செய்து பார்க்கலாம், சில மாதம் போகட்டும் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது வலப்பக்கம் வந்த சைக்கிளை அண்ணி கவனிக்கவில்லை. நாத்தனார் அவளைச் சட்டென்று இழுத்தாள். பிறகு அந்தப் பக்கத்துக்கு மாறி, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.