முகப்புப் பக்கம்

ரோகிணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் ஆப் எழுதுகிறாள் என்பதால், போன் விஷயத்தில் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சோழவந்தானுக்குப் போகும்போதெல்லாம் அப்பா சிவபாண்டியின் போனைப் பிடுங்கி, திறந்து கிடக்கும் ஆப்களை விரலால் மேலே தள்ளி மூடிவிட்டு, "இப்படி மூடி வைங்கப்பா, அப்பத்தான் சார்ஜ் நிக்கும்" என்று அதட்டுவாள். அதனால் சார்ஜ் ஒன்றும் மிச்சமாவதில்லை. சார்ஜ் நிற்கவில்லை என்ற அவர் நச்சரிப்பை நிறுத்த அவள் அடித்துவிட்ட கதை அது.

அவரோடு சேர்த்து ஆறு வெற்றிலை விவசாயிகளுக்கு ஒரே கிணறு. போன வருடம் தண்ணீர் முறைத் தகராறு மண்வெட்டியைத் தூக்கும் வரை போனபோது, "இனிமே மனுசன் கையே இதுல படக்கூடாது" என்று முதலில் சொன்னவர் சிவபாண்டிதான். மோட்டார் சுவிட்சைக் கழற்றிவிட்டு, ரோகிணியின் கம்பெனியிடம் ஆப் கேட்டார்கள். முறை வந்தவருக்குப் போனில் அறிவிப்பு வரும். அதைத் தொட்டால் பச்சைப் பொத்தான் உள்ள பக்கம் திறக்கும். அமுக்கினால் மோட்டார் ஓடும். பத்து நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால் முறை அடுத்தவருக்கு. எந்தக் கொம்பனாலும் அதைத் திருப்ப முடியாது.

இன்றுதான் முதல் நாள், முதல் முறை அப்பாவுக்கு. போன தடவை கரண்ட் இல்லாமல் முறை வீணாகி, கொடிக்காலில் நட்டு இருபது நாளான வெற்றிலைக் கொடிகள் நுனி கருகிக்கொண்டிருந்தன. காலை பத்தே முக்காலுக்கு அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, தொட்டேன். வணக்கம்னு போட்டு கொடிக்கால் படம் வருது. பொத்தானக் காணோமே."

அது முகப்புப் பக்கம்.

"அறிவிப்ப மறுபடி தொடுங்கப்பா."

"தொட்டதும் மறைஞ்சு போச்சும்மா."

முறை அறிவிப்பு ஒரு தடவைதான் போகும், அவளாலும் மறுபடி அனுப்ப முடியாது. அதை விட்டால் அந்தப் பக்கத்துக்கு வேறு வழி கிடையாது. எதற்கு வீணாக இன்னொரு வழி என்று மீட்டிங்கில் அடம்பிடித்தவள் இவளேதான். மேசையில் இருந்த சோதனைப் போனுக்கு மாதிரி அறிவிப்பு அனுப்பித் தொட்டுப் பார்த்தாள். ஒழுங்காகத் திறந்தது. மறுபடியும் பார்த்தாள், திறந்தது. ஏழு நிமிடம் போய்விட்டது.

"அப்பா, ஆப்ப மூடியா வச்சிருந்தீங்க?"

"நீ சொன்ன மாதிரி தள்ளி மூடித்தான் வச்சிருந்தேன். மத்த அஞ்சு பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்ல."

சோதனைப் போனில் ஆப் எப்போதும் திறந்தே கிடக்கும். மூடிக் கிடக்கும் ஆப்பை அறிவிப்பு எழுப்பும்போது, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற சேதி முதலில் வந்துவிடுகிறது. அதை வாங்க வேண்டிய நிரல் வரிகளோ பிறகுதான் விழிக்கின்றன; அதனால் முகப்பே திறக்கிறது. அப்படியொரு நிலையை அவள் சோதித்ததே இல்லை. திருத்த நாலு வரி போதும். ஆனால் அந்த நாலு வரி ஆப் ஸ்டோர் வழியாக அப்பாவின் போனுக்குப் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும்.

கணினித் திரையில் சிவபாண்டி என்ற பெயருக்கு எதிரே நொடிகள் குறைந்தன. அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பெயர் மாறியது.

"அடுத்தது முத்துக்கருப்பன் மாமாப்பா. அவர ஆப்பத் தெறந்து வச்சுக்கிட்டே அறிவிப்பத் தொடச் சொல்லுங்க."

அப்பா ஓடினார். மூச்சிரைப்பு கேட்டது, பிறகு மோட்டார் சத்தம்.

"ஓடுதும்மா! வாய்க்கா நெறையத் தண்ணி. நம்ம கொடிக்கால ஒட்டித்தான் போகுது."

"நாலு குடம் மோந்து ஊத்துங்கப்பா."

"அது அவன் மொறைம்மா. நான்தான அம்புட்டுப் பேசுனேன்."

அவள் திரையில் முறைப் பட்டியலைத் திறந்தாள்.

"நமக்கு இனி எப்ப?" என்றார் அப்பா.

"அடுத்த வாரம் வியாழக்கெழமப்பா."

"அதுவரைக்கும் கொடி தாங்காதே" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, போன இனிமே மூடி வைக்கவா, தெறந்தே வைக்கவா? சார்ஜ் வேற கம்மியா இருக்கு."