பெடலில் பெருவிரல்

"தள்ளிடலாம், நாலு பேர் போதும்" என்று சித்தப்பா பழைய காரின் பின்பக்கம் கை வைத்தார். கார் கேட்டை மறித்துக்கொண்டு நின்றது. அப்பாவை ஏற்றிப்போக வந்த வேன் தெருவிலேயே காத்திருந்தது.

"வேண்டாம் சித்தப்பா, நான் எடுக்கறேன்" என்றாள் மகள்.

"இந்த நேரத்துலயா? கால எடுத்தா அணைஞ்சுபோற சனியன்மா அது!"

நேற்று அது அணைந்ததா இல்லையா, அவளுடைய குழப்பமே அதுதான்.

அந்த கார்பரேட்டர் இந்த வண்டிக்குப் பிறந்ததே இல்லை. பழையது தேய்ந்துபோய், அதே மாதிரி கிடைக்காமல், அப்பா வேறேதோ வண்டியினுடையதை வாங்கிவந்தார். நடுவில் அலுமினியத் தகடு அறுத்து வைத்து, பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பொருத்தினார். "வீட்டோட மாப்பிள்ளை, பழக நாளாகும்" என்பார். "நிஜ மாப்பிள்ளைகூட இவ்வளவு படுத்தலங்க" என்பாள் அம்மா. எல்லாம் சரியாகியும் மிதிக்காமலே ஓடும் ஐட்லிங் மட்டும் பிடிபடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இருமி அணைந்துவிடும்.

நேற்று சாயங்காலம் அவர் பானெட்டுக்குள் குனிந்து கார்பரேட்டர் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் டிரைவர் சீட்டில்.

"கால எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்ப்பா."

பொய். மனுஷன் முகம் வாடிப்போகுமே என்று பெருவிரலை மட்டும் பெடலில் வைத்திருந்தாள்.

"பிடிச்சுக்கிச்சு பாத்தியா!" என்று சிரித்தார். சிரித்தபடியே சரிந்தார்.

அப்புறம் அவள் எப்படி இறங்கினாள், இஞ்சின் தானாக அணைந்ததா, யாராவது சாவியைத் திருப்பினார்களா, ஒன்றும் நினைவில்லை. "வண்டிய யாரும்மா அணைச்சது?" என்று கேட்டதற்கு அம்மா மலங்க மலங்க விழித்து, "எந்த வண்டிய?" என்றாள். வந்தவர்களெல்லாம் "சந்தோஷமாத்தான் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, நான் அல்லவா ஏமாற்றி அனுப்பிவிட்டேன்!

இப்போது டிரைவர் சீட்டில் ஏறி சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சூடேறும்வரை மிதித்தே பிடித்திருந்தாள். காரை ஓரங்கட்டினாள். வேன் உள்ளே வந்தது.

மெல்லக் காலை எடுத்தாள். சத்தம் தணிந்தது, ஒரு நடுக்கம், பிறகு ஒரே சீராக ஓடியது. தன் கால்மேலேயே அவளுக்கு நம்பிக்கையில்லை. செருப்பை உதறிவிட்டு இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டேன்ப்பா" என்றாள்.

ஆஃப் பண்ணச் சொல்ல ஜன்னலில் குனிந்த சித்தப்பா, சீட்டின்மேலிருந்த வெறுங்கால்களைப் பார்த்தார். திரும்பி வேன் பக்கம் நடந்தார். பானெட் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது.