பதிமூன்றாம் வாரத்துப் பதிவு

“அழிச்சிடுடி அத. இப்பவே, எங் கண்ணெதிர்ல—”

“அழிக்க முடியாதுக்கா, ஏத்துன பதிவ—”

“முடியாதா? எழுத மட்டும் முடிஞ்சிச்சா?”

“நான் சொல்றத முழுசா கேளுக்கா—”

“இன்னாத்த கேக்கறது? அதான் படிச்சிட்டனே! எம் புருஷன் செத்ததுக்கு உனுக்குப் பத்துக்குப் பத்தா?”

அக்கா ரோஜா கையில் பிடித்திருந்த போன் தங்கை அமலாவுடையது. அதில் ஓடிய வீடியோவில் ரோஜாவின் புருஷன் தேவா, இறந்து இரண்டு மாதமான மனிதர், வாயைத் திறந்து கஞ்சிக்குக் காத்திருந்தார்.

தேவா கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கி வந்து தண்ணீர் குடித்தவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ரோஜா திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் பக்கத்துத் தெருவிலிருந்த அமலா வந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் அதில் ஒரு தேவை இருந்தது. விழுப்புரத்தில் ஒரு பயிற்சி மையத்தில், வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்திருந்தாள். மாதம் ஒரு தடவை நேரில் போனால் போதும், மற்றதெல்லாம் போனில். வாரா வாரம் செய்த வேலையை வீடியோ எடுத்து, அதன் கீழே நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி ஏற்ற வேண்டும். என்ன செய்தேன்? எது சரியாக வரவில்லை? ஏன்? அடுத்த முறை எப்படிச் செய்வேன்? அப்படிச் சேர்ந்த பக்கங்கள்தான் அவளுடைய போர்ட்ஃபோலியோ. பரீட்சை என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் சான்றிதழ்.

“இன்னா கொழுந்தியா, உம் போலியோவுக்கு இன்னிக்கி ஷூட்டிங் உண்டா?” என்று கோணிய வாயால் கேட்பார் தேவா. “தல சீவி உடு. ஹீரோ நான்தான?”

எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று பாக்கி. பராமரிக்கப்பட்டவர் வீட்டார் ஒருவர் தம் குரலில் நாலு வார்த்தை பேசிப் பதிய வேண்டும். அதற்கு இன்று கடைசி நாள். “உன்னப் பத்தி நான் சொல்லாம எவ சொல்லுவா? குடு” என்று சிரித்தபடிதான் ரோஜா போனை வாங்கினாள். விரல் எங்கேயோ பட்டுப் பக்கம் நகர்ந்தது. புருஷன் முகம் வந்தது. அதை ஆசையாகப் பார்த்தவள், கீழே இருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

‘மாமாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஆனால் உட்கார்ந்தால் ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்து, வீடியோவில் முகம் கறுப்பாகத் தெரிந்தது. அதனால் தலையணைகளை எடுத்துவிட்டுப் படுத்தவாக்கில் ஊட்டினேன். ஒரு கையில் போன் இருந்தது. புரை ஏறிவிட்டது. ரொம்ப நேரம் இருமினார். தவறு என்னுடையது. அடுத்த முறை வீடியோவைப் பார்க்க மாட்டேன், மாமாவைப் பார்ப்பேன்.’

பக்கத்தில் பச்சை நிறத்தில் 10/10.

அது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் இரவு காய்ச்சல் கண்டது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, முன்னமே கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை தேவாவை வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

“ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதுக்கு மின்ன அவுருக்குத் தலைக்கு ஊத்துனேனே, அதான் சளி கட்டிக்கிச்சின்னு ரெண்டு மாசமா அழுவறேன்டி நானு. நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு. நீ எங்க குந்திக்கினு இருந்த? எம் பக்கத்துல. என் முதுவ தடவிக்கினு!”

“அப்படி சொல்லாதக்கா...”

“எங்கிட்ட சொல்ல வாய் இல்ல. போனுக்கு சொல்ல கை இருந்துச்சி. கெளம்பு. நானும் வர்றேன்.”

“எங்கக்கா?”

“விழுப்புரத்துக்கு. அந்த டீச்சரம்மா மூஞ்சிய நான் பாக்கணும். பத்துக்குப் பத்து போட்ட கைய பாக்கணும்.”

பஸ்ஸில் ஒரு மணி நேரம் ரோஜா முன் சீட்டிலும் அமலா பின் சீட்டிலும் உட்கார்ந்து போனார்கள். விழுப்புரத்தில் இறங்கி ஏறிய ஷேர் ஆட்டோவில் இடம் நெருக்கடி. அமலாவின் தோள் அக்காவின் தோளில் இடித்தது. ரோஜா முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். நகர இடம் இல்லாத இடத்தில் நகர்ந்தாள்.

மையத்தின் ஆசிரியை கலையரசி எழுந்து நின்று வரவேற்றாள். சின்ன வயசுக்காரி.

“வாங்கம்மா. ரெக்கார்டிங்க அமலா வீட்லேர்ந்தே அனுப்பியிருக்கலாமே, உங்கள எதுக்கு அலைய வச்சாங்க? இவங்க மாதிரி மனசார எழுதற ஸ்டூடண்ட் எனக்கு இதுவரைக்கும்—”

“பதிமூணாவது வாரத்த காட்டுங்க மேடம்.”

கலையரசி அமலாவைப் பார்த்தாள். அமலா தரையைப் பார்த்தாள்.

“ஏம்மா?”

“எம் புருஷன் அந்த வாரந்தான் செத்தாரு. சளி எதனால கட்டுச்சின்னு உங்குளுக்குத் தெரியும். எங்குளுக்குத் தெரியாது. தெரிஞ்ச நீங்க மார்க்கு போட்டுட்டு சும்மா இருந்துட்டீங்க.”

கலையரசியின் முகம் வெளுத்தது. “காலமாயிட்டார்னு தெரியும்மா. பக்கவாதத்துலன்னுதான் அமலா சொன்னாங்க. அப்புறம், நான் சும்மா இல்லம்மா. பதிவு வந்த அன்னிக்கே கேட்டேன். பாருங்க.” கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். போனில் ரோஜா இத்தனை கீழே போயிருக்கவில்லை. இங்கே எல்லாம் ஒரே பக்கத்தில் விரிந்து கிடந்தது.

ரோஜா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“‘நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தாரிடம் சொன்னீர்களா? புரை ஏறினால் நெஞ்சில் சளி கட்டலாம். காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.’”

விரல் கீழே இறங்கியது.

“‘சொல்லிவிட்டேன் மேடம். அக்கா பார்த்துக்கொள்கிறார்.’”

“அந்தப் பதில் வந்தப்புறம்தாம்மா மார்க்கு போட்டேன்” என்றாள் கலையரசி. பிறகு, இல்லை என்று சொல்லிவிடப்போகிறார்களே என்ற பயத்தோடு கேட்டாள். “சொன்னாங்கதானே?”

ரோஜா, அமலா எழுதிய பதிலுக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு பத்து” என்றாள். “அப்ப நான் ஊட்டுக்கு வந்துட்டேன். அடுப்பங்கரையில உனுக்கு டீ ஆத்திக்கினு இருந்தேன்.”

அமலாவுக்கு அந்த ஆறு பத்து அப்படியே கண்ணில் நின்றது. சொல்லத்தான் எழுந்தாள் அன்று. மில் தூசியோடு உள்ளே வந்த அக்கா, நேராகப் போய்ப் புருஷன் வாயைத் துடைத்துவிட்டு, “நீ இல்லாட்டி நான் இன்னாடி பண்ணியிருப்பேன்” என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட அமலா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மாமாவும் அதற்குள் இருமல் நின்று கண்ணயர்ந்திருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போனில் மேடம் கேட்டதற்கு, காலையில் சொல்லப்போவதை அப்போதே சொல்லிவிட்டதாக எழுதினாள். காலையில் அக்கா சீக்கிரமே மில்லுக்குக் கிளம்பினாள். இரவு காய்ச்சல் வந்தது. வந்த பிறகு சொல்ல எப்படி வாய் வரும்?

“மேடம், அது பொய்யி” என்றாள் அமலா. “அக்காகிட்ட நான் சொல்லல.”

கலையரசி நாற்காலியில் உட்கார்ந்தாள். “இத நான் மேல சொல்லியாகணும் அமலா. சர்ட்டிபிகேட் வருமான்னு தெரியல” என்றாள். ரோஜாவிடம் திரும்பி, “நீங்க சொன்னா அந்த வீடியோவ எடுத்துடலாம்மா. குடும்பத்துக்கு அந்த உரிமை இருக்கு” என்றாள்.

இதற்காகத்தானே காலையிலிருந்து ரோஜா கத்தினாள். இப்போது திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வேணாம்” என்றாள். “அதுல அவுரு கண்ணத் தொறந்துக்கினு இருக்காரு. குடும்பத்தாரு பேசணும்னீங்களே, எதுல பேசணும்?”

கலையரசி போனை நீட்டினாள். சிவப்பு வட்டம் எரிந்தது.

“எம் பேரு ரோஜா. எங்க ஊட்டுக்காரரு பேரு தேவா. பதிமூணு வாரம் எந் தங்கச்சி அமலா அவுர பாத்துக்கினா. பீ மூத்திரம் அள்ளுனா. மொகஞ் சுளிச்சதில்ல. முதுவுல ஒரு புண்ணு வர உடல. கால மடக்கி நீட்டி நீட்டி, ஒரு நாளு அவுர நிக்க வச்சிக் காட்டுனா. நான் ஒரு புள்ள பெத்தெடுத்திருந்தாகூட அது அப்படி பாத்திருக்காது.” மூச்சு வாங்கினாள். “அந்த ஒரு திங்கக்கெழம மட்டும் எங்கிட்ட சொல்லல. அவ்ளோதான். நிறுத்திக்கங்க மேடம்.”

அக்கா திட்டியிருந்தால் அமலா தாங்கியிருப்பாள்.

திரும்பும் பஸ்ஸில் ரோஜா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அமலா பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று ரோஜா சொல்லவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

“அக்கா. ஏதாச்சும் பேசுக்கா. நாலு அறை அறைஞ்சிடுக்கா.”

ரோஜா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

“சொல்லு” என்றாள்.

“இன்னாக்கா?”

“மணி ஆறு. மில்லுலேர்ந்து வந்துட்டேன். டீ போட்டுக்கினு இருக்கேன். அவுரு உள்ள படுத்துக்கினு இருக்காரு, உயிரோட. இப்ப சொல்லு. நான் கேக்கறேன்.”

“வேணாங்க்கா.”

“சொல்லுடி.”

அமலா முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா... மாமாவ படுக்க வச்சே கஞ்சி ஊட்டிட்டேங்க்கா, பொறை ஏறிடுச்சி, இப்பவே ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயிடலாங்க்கா.”