எண்பத்தெட்டு

வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் காலை பத்தரை மணிக்கு மூன்று தடவை கூவிவிட்டு நின்றுபோனது. சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், கடைசியில் கோபத்தில் ஒரு குத்தும் விட்டுப் பார்த்தேன். அது அசையவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். முப்பது வருஷம் கார்களுக்கு பெயின்ட் அடித்த நுரையீரல். சிரிப்பதற்குக்கூட அதில் காற்று மிச்சமில்லை.

கையிருப்பு ஒரே ஒரு சின்ன சிலிண்டர். அது மதியம் ஒரு மணி வரைக்கும் தாங்கும். மெஷின் கடையில் கேட்டால், நாளைக் காலைதான் ஆள் வருவான் என்றார்கள். சிலிண்டர் கடையில் ஸ்டாக் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. சாயங்காலம் காலியானால் கூப்பிடுகிறோம், அதுவரைக்கும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ். பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கொடுமை என்னவென்றால், எங்களிடம் ஒரு மெஷின் இருந்தது. மாமியாருக்காக வாங்கின சொந்த மெஷின். அவர் போன மறுவாரமே இவர் அதைத் தெருமுனை சலூன்காரரின் அப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பட்டறையில் இவருக்கு 'இந்தாப்பா' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் இவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். மெஷின் தலையில் ஒட்டுவதற்கு என்னைத்தான் எழுதச் சொன்னார்: 'திருப்பித் தர வேண்டாம். தேவைப்படும் அடுத்தவருக்குக் கொடுங்கள்.' நான் பள்ளிக்கூட ஆபீசில் ஃபைல் பார்க்கிறவள். கீழே நம் நம்பரையாவது போடலாம் என்றேன்.

"போட்டா நன்றி சொல்லக் கூப்பிட்டுட்டே இருப்பாங்க. எதுக்கு? செஞ்சது எங்கயாவது போய் நிக்கும், விடு," என்றார்.

எங்கே போய் நிற்கிறது என்று தேடித்தான் இப்போது கிளம்பினேன். காலேஜுக்கு லீவு போட்டிருந்த மகளிடம் அப்பாவையும் சிலிண்டரையும் ஒப்படைத்தேன். பீரோவிலிருந்து அந்த மெஷினின் வாரண்டி அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மெஷின் எண்ணும் இவர் பெயரும் அதில் இருந்தன.

"அம்மா, சண்டை போடாம கேளு," என்றாள் மகள்.

"நான் எப்ப சண்டை போட்டேன்?"

அவள் அப்பாவின் விரலில் மீட்டரை மாட்டினாள். தொண்ணூற்றிரண்டு.

சலூனில் ஒருவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, வாங்க, வாங்க. உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. எங்கப்பா கடைசி எட்டு மாசம் படுத்துத் தூங்கினாருன்னா அது அண்ணனாலதான். அதுக்கு முன்னாடி உட்கார்ந்தே..."

"அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"சொல்றேன், முதல்ல உட்காருங்க. டீ சொல்றேன்."

வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. இன்றைக்கா கொடுக்க வேண்டும்? வீட்டில் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, அவருக்கே இப்ப மூச்சு இல்ல," என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஸ்கூல் வேன் டிரைவருக்குக் கொடுத்தோம் என்று சொல்லி, வேன் நிற்கும் இடத்தையும் சொன்னார். நுரைக்காரர் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் டிரைவர் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. மெஷினைக் கொடுத்த வீடு என்றதும் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, மனைவிக்கு வீடியோ கால் போட்டார். "இதோ பாரு, நான் சொன்னேன்ல, அவங்க வீட்டம்மா." திரையில் ஒரு பெண், தையல் மெஷினுக்கு முன்னால், நல்ல நிறத்தோடு, இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவள் நன்றாக இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. என் வீட்டுக்காரரின் காற்றை இவர்கள் எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டு, மிச்சம் வைக்காமல், ஆளுக்கொரு கும்பிடு போடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்கப் போவதில்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் ஈரக் கையோடு வேனில் ஏறினார். "ஏறுங்கம்மா. லாண்ட்ரிக்குக் கொடுத்தோம். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் இருபதாயிற்று. வழியில் ஒரு சிமென்ட் லாரி குறுக்கே நின்றது. மகள் கூப்பிட்டாள். "சிலிண்டர் முள்ளு கால்வாசிக்கு வந்திருச்சும்மா. அப்பா தொண்ணூறு. பேச்சு குறைஞ்சிருச்சு."

லாண்ட்ரிக்காரர் மற்ற இருவரைப் போல இல்லை. நீராவி இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நான் சொன்னதைக் கேட்டார். முகவரியை ஒரு துணிச் சீட்டின் பின்னால் எழுதினார். லேத் பட்டறை. நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வேனில் ஏறும்போது பின்னாலேயே வந்தார்.

"எங்க தம்பிக்குத்தான் வாங்கினோம். நாலு நாள்தான் இருந்தான்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "அந்த நாலு நாளும் அவன் பேசிட்டே இருந்தான்."

நான் தலையை ஆட்டினேன். வண்டி நகர்ந்தது. மணி பன்னிரண்டு பத்து.

லேத் பட்டறையில் இரும்புத் தூள் வாசனை. நடுத்தர வயது ஆள் ஒருவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். பின்பக்கம் ஒரு அறை, அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே சன்னல் ஓரத்தில் நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண்மணி, மூக்கில் குழாய், விரலில் மீட்டர். கால்மாட்டில் எங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் என் கையெழுத்து மஞ்சளடித்துப் போயிருந்தது. கீழே நான்கு நம்பர்கள், நான்கு பேனாவில்.

விஷயத்தைச் சொன்னேன். லேத்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கஷ்டமா இருக்குங்க. ஆனா கொடுக்க முடியாது. இதைக் கழட்டினா எங்க அக்கா அரை மணி நேரம் தாங்க மாட்டா."

"எங்க வீட்டுல சிலிண்டர் முக்கால் மணி நேரத்துல தீர்ந்திரும்."

"புரியுதுங்க. நான் என்ன செய்ய?"

"இது எங்க மெஷின்."

"அப்படித்தான் யாரு வேணா சொல்லலாம்."

கைப்பையைத் திறந்தேன். வாரண்டி அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் குனிந்து மெஷினின் பின்னாலிருந்த எண்ணையும் அட்டையிலிருந்த எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அட்டை முழுக்க எண்ணெய் ரேகை.

அந்த அக்காதான் பேசினார். "தம்பி, விடு. அவங்களோடது." சொல்லிக்கொண்டே காதிலிருந்து குழாயை எடுத்து, மூக்கிலிருந்து கழற்றி, என் பக்கம் நீட்டினார். இடம் பிடித்து வைத்திருந்த சீட்டை எழுந்து கொடுக்கிற மாதிரி, சாதாரணமாக.

"அக்கா," என்றார் லேத்காரர்.

"சும்மா இரு."

குழாயை வாங்கிக்கொண்டேன். அது கையில் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. அவர் மடியில் கை, கையில் மீட்டர், மீட்டரில் தொண்ணூற்றி மூன்று. தொண்ணூற்றொன்று. என் கைப்பைக்குள் போன் அடித்தது. மகள்தான் என்று தெரியும். எடுக்கவில்லை. தொண்ணூறு. மெஷினை அணை, வயரைச் சுருட்டு, வேனில் ஏற்று, கிளம்பு என்று என் உள்ளேயிருந்து ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்பத்தொன்பது. அந்த அம்மாவின் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. எண்பத்தெட்டு.

போன் நின்று மறுபடி அடித்தது.

நான் மண்டியிட்டு உட்கார்ந்து குழாயை அவர் மூக்கில் மாட்டினேன். முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாவது தடவை மாட்டியது. அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அக்காவுக்காக அழுதேனா, இவருக்காகவா, என் யோக்கியதையை நினைத்தா, தெரியாது. எதற்கும் நேரமில்லை என்று மட்டும் தெரிந்தது.

லேத்காரர் மெஷினின் முன்னால் குந்தியிருந்தார். காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் சின்னக் குண்டைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை லிட்டர் சொல்லியிருக்காங்க?"

"ரெண்டு."

"அக்காவுக்கும் ரெண்டு. இது அஞ்சு வரைக்கும் போகும்." எழுந்துவிட்டார். "அப்ப மெஷினை எதுக்குத் தூக்கணும்? ஆளைத் தூக்கிட்டு வாங்க."

வேன் டிரைவர் எனக்கு முன்னால் ஓடினார். நான் போனில் சலூன்காரரைப் பிடித்தேன்; எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். லேத்காரர் காற்றுக் குழாய்க்குப் போடுகிற மூன்று வாய் பித்தளை ஜாயின்ட் ஒன்றைப் பிடித்து, அதன் வாய்களைச் சன்னமாகக் கடைந்துகொண்டிருந்தார். மருந்துக் குழாய் அதில் நுழைய வேண்டும். பக்கத்து அடுப்பில் அதைச் சுத்தம் செய்யத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார்.

சலூன்காரரும் டிரைவரும் இவரைச் சாப்பாட்டு நாற்காலியோடு தூக்கினார்கள். சலூன்காரரின் முழங்கையில் இன்னும் நுரை. மகள் சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். வேனில் ஏறும்போது முள் சிவப்புக்குள் போய்விட்டது. பாதி வழியில் உஸ்ஸென்ற சத்தம் நின்றது. இவர் உதடு நீலம் பாரித்தது. எண்பத்தி நாலு என்று மகள் சத்தமில்லாமல் வாயசைத்தாள். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருபத்தியாறு வருஷத்தில் கொடுத்ததையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினேன். கண்ணை மூடிவிடக்கூடாது என்பதற்காகத்தான். அவர் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

பட்டறையில் பெஞ்சு தயாராக இருந்தது. ஜாயின்ட் இன்னும் சூடாக இருந்தது. லேத்காரர் அதைத் துணியால் பிடித்து மாட்டினார். ஒரு வாயில் மெஷின் குழாய், ஒன்றில் அக்கா, ஒன்றில் இவர். குண்டு நாலில் வந்து நின்றது. எல்லாரும் இவர் விரல் மீட்டரைப் பார்த்தோம். எண்பத்தி நாலு. எண்பத்தி நாலு. எண்பத்தைந்து. வாசலில் லாண்ட்ரிக்காரர் சைக்கிளோடு வந்து நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எண்பத்தேழு. பத்து நிமிஷம் கழித்துத் தொண்ணூறு. அக்காவின் மீட்டரில் தொண்ணூற்றொன்று.

இவருக்குப் பேச்சு வந்ததும் முதல் காரியமாகப் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, "உங்களுக்குச் சரியா வருதாங்க? இல்லேன்னா என்னோடதைக் குறைச்சுக்கறேன்," என்றார். எனக்கு அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

லேத்காரர் பேனாவை நீட்டினார். "நம்பர் எழுதுங்க. இது யார் கைக்கு வந்தாலும் நம்பர் எழுதணும், அதான் வழக்கம்." நான்காவது நம்பருக்குக் கீழே என் நம்பரை எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகிறது, ஆம்புலன்ஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் என்று தகவல் வந்தது. எல்லாரும் வாசலுக்குப் போனபோது நான் அந்த அக்காவின் நாற்காலிப் பக்கம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கென்று சொல்லிக் கேட்பது?

"நான் உடனே மாட்டியிருக்கணும்," என்றேன். "எண்பத்தெட்டு வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன்."

"தெரியும்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைத் தட்டினார். "நானா இருந்தா எண்பது வரைக்கும் பார்த்திருப்பேன்."