முதலில் வெட்டிய பூட்டு

எங்கள் ஊரில் ஆற்றின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது. இந்தக் கரையில் பழைய கோட்டை, அந்தக் கரையில் மணிக்கூண்டு, நடுவில் இந்த இரும்புப் பாலம். வண்டி எதுவும் போகாது. ஜோடியாகப் போய்ப் பக்கவாட்டுக் கம்பியில் ஒரு பூட்டை மாட்டிச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டால் அந்த ஜோடி பிரியவே பிரியாது என்று ஒரு நம்பிக்கை. அதற்காகவே தூர தேசத்திலிருந்தெல்லாம் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் அந்தப் பூட்டுகளை வெட்டி எடுக்கிற புண்ணியவான் நான்தான். நகராட்சியில் பாலங்கள் பிரிவு. சீருடை உண்டு, கையுறை உண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டர் உண்டு.

நாங்களும் மாட்டியவர்கள்தான். கல்யாணமான மூன்றாம் நாள் மாட்டினோம். என் மனைவி ஹாஸ்டலில் இருந்தபோது பெட்டிக்குப் போட்டிருந்த சின்னப் பித்தளைப் பூட்டு. அதில் ஆணியால் இரண்டு முகம் கீறினேன். ஒன்று காது பெரிதாக, அது நான். இன்னொன்று கண்ணாடி போட்டுக்கொண்டு, அது அவள். சாவியை நான் வீசிய வேகத்தில் அது அடியில் போன படகின் கூரையில் விழுந்தது. படகுக்காரர் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். வாழ்த்துதான் என்று அவளிடம் சொன்னேன்.

அதை நானே வெட்டினேன். மூன்று வருஷம் ஆகிறது.

எப்படி என்று சொல்கிறேன். அப்போது பூட்டுகளின் பாரம் தாங்காமல் ஒரு பக்கக் கம்பிவலை பெயர்ந்து ஆற்றுப் பக்கமாகத் தொங்கிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று பொறியாளர் எழுதிவிட்டார். ஏழு பேர், ஆறு நாள் வேலை. முதல் நாள் காலை கட்டரும் கையுமாகப் போய் நிற்கிறோம், ஒருத்தனுக்கும் கை வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து ஜோடிகள் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிற்கிறார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "யாராவது ஆரம்பிங்கப்பா" என்றார் மேஸ்திரி. எல்லாரும் பூட்ஸைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் சும்மா நின்றால் என்னால் சும்மா நிற்க முடியாது. பாலங்கள் பிரிவில் எனக்குப் பேரே நடிகர். "தள்ளுங்க, இதுல என்னோடதும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லி மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் போனேன். பூட்டைத் தேடிப் பிடித்தேன். கட்டரைத் தூக்கி, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிற ஆள் மாதிரி எல்லாப் பக்கமும் கும்பிட்டுவிட்டு ஒரு வசனம் சொன்னேன். என்ன வசனம் என்று இங்கே சொல்ல வாய் வரவில்லை, பிறகு பார்க்கலாம். டக்கென்று வெட்டினேன்.

சிரிப்பான சிரிப்பு. கைதட்டல். மேஸ்திரிகூடத் தட்டினார். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எனக்கு மட்டும் நடக்கவில்லை. உள்ளங்கையில் அந்த இரண்டு முகமும் கிடந்து என்னையே பார்த்தன. குப்பை டிரம்மில் போட மனசில்லாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மறுநாள் பாக்கெட்டைப் பார்த்தால் பூட்டு இல்லை. பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு பாலத்துப் பக்கம் அவளை அழைத்துப் போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை. அவள் கேட்கவே இல்லை. கேட்காதது என் சாமர்த்தியத்தால்தான் என்று நினைத்து, என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது.

போன வாரம் வேறு ஊரிலிருந்து மச்சினி வந்தாள். வாய் என்றால் வாய். வியாழக்கிழமை காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது உன் பூட்டைக் காட்டு. கல்யாண ஆல்பத்துல பாத்ததோட சரி."

"எதுக்குடி இப்ப? வெயில் வேற" என்றாள் என் மனைவி, அவசரமாக.

"வெயில் சாயங்காலம் போயிடும். பூட்டும் போயிடுச்சோ? மாமா ஆபீஸ்ல எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. மாமா, உங்க சொந்தப் பூட்டைக்கூடக் காப்பாத்த முடியலையா? என்ன பெரிய நகராட்சி நீங்க?"

"வெட்டிட்டாங்கதான்டி. விடு" என்றாள் என் மனைவி.

விட்டிருக்கலாம். கதவை அவளே சாத்திக் கொடுத்துவிட்டாள், நான் பேசாமல் உள்ளே இருந்தால் போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் நுணல் தேவலை.

"எல்லாத்தையும் வெட்டினேன். ஒண்ணை மட்டும் விட்டு வெச்சேன்" என்றேன்.

மச்சினி "அட" என்று காபியைக் கீழே வைத்தாள். என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குப் போய் டிரம்மைக் கவிழ்த்துத் தேடினேன். அதே அளவில் ஒரு பித்தளைப் பூட்டு, வளையம் வெட்டுப்படாமல், சாவியோடு கிடைத்தது. யாரோ பூட்டவும் மறந்து, எறியவும் மறந்து போயிருக்கிறார்கள். கருவி அறையில் உட்கார்ந்து ஆணியால் இரண்டு முகம் கீறினேன். பழசாகத் தெரியட்டும் என்று கிரீஸ் தடவித் துடைத்தேன். சனிக்கிழமை எங்கள் சுற்று, அந்த வாரத்துப் புதுப் பூட்டுகளை வெட்டுகிற நாள். முப்பத்தெட்டுப் பூட்டு வெட்டினேன், ஒன்று மாட்டினேன். பூட்டு மாட்டக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையை அங்கே ஆணியடித்ததும் நான்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது சொல்லித் தெரிய வேண்டாம்.

ஞாயிறு சாயங்காலம் பாலத்தில் நல்ல காற்று. படம் எடுக்கிறவர்கள், தோளில் சாய்ந்தவர்கள், சண்டை போட்டுவிட்டு நாலடி தள்ளி நடக்கிறவர்கள் என்று ஒரே ஜோடி மயம். மச்சினி முன்னால் போனாள். என் மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தாள். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் நான் நின்று, வித்தைக்காரன் மாதிரி கையை நீட்டினேன்.

"இதோ."

மச்சினி மண்டி போட்டுப் பார்த்தாள். "மாமா காது. ஐயோ, அப்படியே இருக்கு. அக்கா, இந்தப் பக்கம் வா, ரெண்டு பேரும் நில்லுங்க." படம் எடுத்தாள். "இந்த ஆளைப் போய் நான் என்னென்னவோ சொல்லிட்டேனே."

என் மனைவி குனிந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். விரல் நுனியால் ஒரு தரம் தடவினாள். பிறகு நிமிர்ந்து, "அந்த முனையில ஐஸ்கிரீம் வண்டி நிக்குது. மூணு பேருக்கும் வாங்கிட்டு வாயேன்" என்று தங்கையை அனுப்பினாள். அவள் காது கேட்காத தூரம் போகிறவரை காத்திருந்தாள்.

"இதை எப்ப மாட்டினீங்க?"

"என்ன கேள்வி இது? இருபது வருஷம்..."

"கீறல் உள்ள மஞ்சளா மின்னுது. பழைய கீறலா இருந்தா கறுத்திருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில பதினெட்டு வருஷமா கீறல் பாக்கறதுதாங்க என் வேலை."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாதாம். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பித்தளைப் பூட்டு. வளையம் வெட்டுப்பட்டிருந்தது. கறுத்த கீறலில் பெரிய காதோடு ஒருத்தன், கண்ணாடியோடு ஒருத்தி.

"வாஷிங் மெஷின்ல கடகடன்னு சத்தம். மெஷின்தான் போச்சுன்னு பயந்துட்டேன். உள்ள கைய விட்டா இது."

"மூணு வருஷமாத் தெரியுமா?"

"தெரியும்." அவள் குரல் தாழ்ந்திருந்தது. கோபமே இல்லை. "அன்னைக்கு நீங்க சாப்பிடாமப் படுத்தீங்கல்ல. பாவம், மேல இருந்து உத்தரவு போட்டு இவர் கையாலயே வெட்ட வெச்சுட்டாங்க, வாய் விட்டுச் சொல்லக்கூட முடியலன்னு நெனச்சேன். சொல்றப்ப சொல்லட்டும்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் பாலத்துப் பேச்சையே நான் எடுக்கறதில்ல. இவகிட்டயும் வேணாம் வேணாம்னு சொன்னேன். நீங்கதான்... எனக்காக எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? இன்னொண்ணு செஞ்சு மாட்டற அளவுக்கு?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாருங்கள், எப்படிப்பட்ட இடம். தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். கண்ணில் தண்ணீர் தானாகவே நின்றது, வரவழைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. நான் செய்யாத ஒரு தியாகத்துக்கு மூன்று வருஷமாக ஒருத்தி என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். கேட்கக் கூடாததைக் கேட்காமல், காயத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானோ என் சாமர்த்தியம் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கை என் கையில் இருக்க இருக்க எனக்கு உடம்பு கூசியது.

"உத்தரவு இருந்துச்சு" என்றேன். "ஆனா இதை என்னை யாரும் வெட்டச் சொல்லல."

அவள் பார்த்தாள்.

"ஆறு நாள் வேலை அது. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெட்டாம கழட்டறதுக்கு ஏதாவது வழி பண்ணியிருப்பார். நான்தான் முதல்ல வெட்டினேன். எல்லாத்துக்கும் முதல்ல, இதை."

"ஏன்?"

"எல்லாரும் உம்முன்னு நின்னாங்க. சிரிக்க வைக்கலாம்னு."

கையை அவள் உருவிக்கொள்ளவில்லை. அப்படியே வைத்திருந்தாள், வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டவள் மாதிரி.

"என்ன சொன்னீங்க?"

"எப்ப?"

"வெட்டறப்ப. நீங்க சும்மா வெட்டியிருக்க மாட்டீங்க. ஏதாவது சொல்லியிருப்பீங்க."

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தமாஷ் சொல்லியிருக்கிறேன். ஒன்றைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆனதில்லை.

"'பதினேழு வருஷ ஜெயில் இன்னையோட முடிஞ்சுது. கைதி விடுதலை'ன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"கை தட்டினாங்களா?"

"ம்."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

அவள் தலையை ஆட்டினாள், கடையில் அளவு எழுதிக்கொள்கிற மாதிரி. பிறகுதான் கையை எடுத்தாள். பூட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. நான் உதவப் போனேன். "வேணாம்" என்றாள்.

மச்சினி மூன்று ஐஸ்கிரீமோடு வந்தாள். இரண்டு உருகி அவள் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. "என்னக்கா, கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"காத்து."

"காத்தாம் காத்து. மாமா பாசத்தைப் பாத்து உருகிட்டேன்னு சொல்லேன். மாமா, உங்களை மாதிரி ஒருத்தர் எனக்குக் கெடைக்காமப் போயிட்டாரே, சொல்லுங்க."

என் ஐஸ்கிரீமை நான் தொடவில்லை. கையிலேயே உருகவிட்டேன். என் மனைவி அவளுடையதை முழுசாகச் சாப்பிட்டாள், தங்கைக்காக. என் பொய்யைத் தங்கை முன்னால் அவள் உடைக்கவில்லை. உடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கும்போது என் மனைவி பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்கு அதை வெட்டிடுங்க. பக்கத்துல யாரும் இருக்க வேணாம். ஒரு வார்த்தையும் பேச வேணாம்."

திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். பாலத்தில் ஒரு ஜீவன் இல்லை. சாவி என்னிடமே இருந்தது, திறந்து எடுத்திருக்கலாம். வெட்டச் சொல்லியிருந்தாள், வெட்டினேன். முதல் தடவை இந்தச் சத்தத்தைக் கேட்கிறேன் என்று தோன்றியது. ஆயிரக்கணக்கில் வெட்டிய ஆளுக்கு. எப்போதும் என் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். திரும்பினால் படிக்கட்டில் மேஸ்திரி ஏறி வருகிறார்.

"என்ன நடிகரே, ஆளே இல்லாத கொட்டகையில நாடகமா?"

நான் கட்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் விளக்குக் கம்பத்தைச் சோதிக்கப் போய்விட்டார். பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மச்சினி ஊருக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் என் பேன்ட்டை மெஷினில் போடப் போன என் மனைவி, பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். மூன்று வருஷமாக அப்படிக் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறாள் என்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன். பூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து என்னிடம் அவள் பேசியது, சாப்பாடு மேசையில் இருக்கிறது என்ற ஒரு வாக்கியம்தான்.

"காது சரியா வரல" என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"நிஜத்துல இன்னும் பெருசு."

ஜன்னல் விளிம்பில் அந்தத் துணிப் பொட்டலம் இருந்தது. அதன் பக்கத்தில், ஆனால் கொஞ்சம் தள்ளி, இதை வைத்தாள். சோப்புத் தூளை அளந்து போட்டு மெஷினை மூடினாள். என் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில், அவள்கூடச் சிரித்திருப்பாள். விழுங்கிவிட்டு, துவைத்து முடிந்ததும் காயப்போட வாளியைக் கொண்டுவரப் போனேன்.