குலுக்கலில் தோற்றவர்கள்

ஜெயபிரியா மூன்றாவது முறையாக எண்ணினாள். வெங்காய மூட்டையின் மேல் காலி மாத்திரை அட்டைகளைப் பெயர்வாரியாக அடுக்கி, விரல் வைத்து எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் கணக்கு அவளுக்கு வளைந்து கொடுக்கவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் இருபத்துநான்கு பேர். வாரம் ஒரு நாள் மாத்திரை, பன்னிரண்டு வாரம். அதில் ஆறு வாரம் முடிந்திருந்தது. ஞாபகப்படுத்துவதற்காக ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போனில் மெசேஜ் போகிற பன்னிரண்டு பேரில், ஒரு வாரம்கூட விடாமல் விழுங்கியவர்கள் நாலே பேர். மெசேஜே போகாத பன்னிரண்டு பேரில் பன்னிரண்டு பேரும் விழுங்கியிருந்தார்கள்.

காசநோய் வராமல் தடுக்கும் மாத்திரையை, உடம்பில் ஒரு நோவும் இல்லாத மனிதன் ஏன் பாதியில் விடுகிறான், அவனை எப்படி முழுக்க விழுங்க வைப்பது என்பதுதான் அவளுடைய ஆய்வு. மனிதர்களின் நடத்தையைப் படிப்பதற்கென்று கொடுக்கும் இரண்டு வருட உதவித்தொகை. முதல் வருடத்தைப் பார்த்துத்தான் இரண்டாம் வருடம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். "மறதிதான் மேடம் பிரச்சனை, ஒரு மெசேஜ் போதும்" என்று சென்னையில் உதவித்தொகையை முடிவு செய்யும் அபர்ணா மேடத்திடம் அடித்துச் சொல்லி வாங்கிய வாய்ப்பு. திங்கட்கிழமை மேடத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். மெசேஜ் அனுப்பினால் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சங்கரபாண்டி இரண்டு கையிலும் டீயோடு, மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள் வந்தார். சுமைக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். போன வருடம் காசநோய் வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவர். அவரோடு இந்தக் கிட்டங்கியில் படுத்துறங்கியவர்கள்தான் இந்த இருபத்துநான்கு பேரும்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

தான் டாக்டர் இல்லை என்று அவள் நூறு தடவை சொல்லியாயிற்று. அவர் காதில் ஏறவில்லை. இன்று அதைத் திருத்தத் தெம்பில்லாமல் கணக்கை மட்டும் சொன்னாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நாலு பேருதானா? அவன்களுக்குத்தான் மெசேஜ் வருதுல்லா?"

"வருது அண்ணாச்சி. சாப்பிடலையே."

"நான் மெசேஜ் வராதவன்களத்தாம்மா பாத்துக்கிட்டேன்."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யாருக்கு மெசேஜ், யாருக்கு இல்லை என்பதில் பாரபட்சம் கூடாதென்று அவள் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாள். ஆய்வில் அது முறை. கிட்டங்கியில் அது பரிசுக் குலுக்கலாகிவிட்டது. மெசேஜ் விழுந்தவன் ஜெயித்தவன், அவனை இனி கவர்மெண்டு பார்த்துக்கொள்ளும். வெறுஞ்சீட்டு விழுந்தவன் பாவம், கேட்க நாதியில்லை. அதனால் அந்தப் பன்னிரண்டு பேரையும் சங்கரபாண்டி ஞாயிறுதோறும் மணிமுத்துவின் டெம்போவில் ஏற்றிப் பழைய குற்றாலத்துக்குக் கொண்டுபோனார். அருவியில் குளியல், குளித்த பசிக்கு அவர் மனைவி வள்ளித்தாய் அவித்த இட்லி, இட்லிக்குப் பின் கையில் மாத்திரை. விழுங்காதவன் எல்லோருடைய ஈரத்துண்டையும் பிழிய வேண்டும். முதல் வாரம் மாத்திரை விழுங்கியதும் சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறதென்று இரண்டு பேர் பதறி ஓடிவந்தபோது, "எனக்கு ஆறு மாசம் அப்படித்தாம்லே போச்சு" என்று ஆற்றி அனுப்பியதும் அவர்தான். ஜெயித்தவர்களோ, ராத்திரி முழுக்க லோடு இறக்கிய அசதியில் எட்டு மணி மெசேஜைத் தாண்டிக் குறட்டை விட்டார்கள்.

"அவங்கள சும்மா விட்டாத்தான அண்ணாச்சி, என் மெசேஜ் வேலை செய்யுதான்னு தெரியும். எல்லாம் கெட்டுப்போச்சு."

அவர் ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "முன்னமே சொல்லியிருந்தா விட்டிருப்பேன்," என்றார். உடனே தலையை ஆட்டினார். "இல்லம்மா, பொய் சொல்லுதேன். விட்டிருக்க மாட்டேன். இங்கன படுத்து இருமுனவன் நான். என் சீக்கு அவன்களுக்கு ஒட்டிரக் கூடாதுல்லா."

தான் தங்கியிருந்த சுந்தரபாண்டியபுரத்துக்குப் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கோபமாக வந்தது. மனிதர்களின் நடத்தையைப் பற்றி இத்தனை வருடம் விழுந்து விழுந்து படித்தவள், மூட்டை தூக்குகிறவன் ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஊர் வந்து இறங்கும்போது ஈரத்துண்டு ஞாபகம் வந்து, நடு ரோட்டில் தனியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் இருபத்துநான்கு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். "இன்னைக்கு ஜெயிச்சவன்களையும் ஏத்திட்டேன்," என்றார் சங்கரபாண்டி. அவளை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "பிடிச்சிக்கிடுங்கம்மா, இவன் பறப்பான்" என்று வள்ளித்தாய் மரியாதையாகச் சொன்னாள். இட்லி அண்டா இருவர் காலுக்கும் நடுவில் சுட்டது. தென்காசி தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது, பின்னால் யாரோ கூவினார்கள், எல்லோரும் கூவினார்கள். ஜெயபிரியாவுக்கும் கூவ வேண்டும்போலிருந்தது.

அருவிக்கரையில் ஆளாளுக்குப் போனை அவள் பிடித்திருந்த பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு ஓடினார்கள். கரையில் நின்றபடியே அவள் மேடத்துக்கு எழுதினாள்: "மேடம், என் ஆய்வு கெட்டுவிட்டது. மெசேஜ் தோற்றது, டெம்போ ஜெயித்தது. நாளை எல்லாவற்றையும் சொல்கிறேன். இரண்டாம் வருடம் கொடுத்தால் இந்த டெம்போவைத்தான் படிப்பேன்." திரும்பப் படித்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து உடனே அனுப்பினாள். தன் போனையும் அந்தப் பையிலேயே போட்டாள். மனசு லேசாக இருந்தது.

சரியாக எட்டு மணிக்குப் பை கூச்சலிட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. 'இன்று மாத்திரை நாள். சாப்பிட்டீர்களா?' அவளே உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகத் திருத்திய கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் அருவிக்கடியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே, ஒரு வருடத்துக்கு முன் மூச்சு வாங்கியவர், தண்ணீரை நெஞ்சில் வாங்கி நின்றார்.

"ஏட்டி, எத்தன நேரம் கரையிலயே நிப்ப? வா இங்கன," பெண்கள் பக்கத்திலிருந்து வள்ளித்தாய் அழைத்தாள்.

பைக்குள் இப்போது ஒரு போன் மட்டும் விடாமல் அடித்தது. அது தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. குளிக்க முறை பார்த்து நின்ற மணிமுத்துவின் கையில் பையைக் கொடுத்தாள். அவன் அதை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அடிக்குது அடிக்குது என்று சைகை காட்டிக்கொண்டிருக்க, ஜெயபிரியா செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்தாள்.